ஒப்பந்தங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்த கதை

எங்கள் முந்திரிக் கம்பெனிக்கு ஆபீஸ் மார்த்தாண்டத்தில், குடோன்கள் கருங்கலிலும் குலசேகரத்திலும். வாடகைச் சீட்டு ஒரு பீரோவில், லாரி ஒப்பந்தம் இன்னொன்றில், ஜெனரேட்டர் பராமரிப்புப் பேப்பர் யாரோ ஒருவரின் வாட்ஸ்அப்பில்.

ஸ்கேன் செய்து கிளவுட் மென்பொருளில் ஏற்றுவது சுலபம். பெயர் வைப்பதுதான் பெரும்பாடு. 'ஸ்கேன் 12' என்று கிடந்தால் தேடி என்ன பயன்? எதிர்த்தரப்பு, இடம், முடியும் தேதி என்று பெயர் வைத்தோம். தானாகப் புதுப்பிக்கும் ஷரத்து உள்ளவற்றில் முடியும் தேதியைவிட, 'இனி வேண்டாம்' என்று நோட்டீஸ் கொடுக்கவேண்டிய கடைசி நாள்தான் முக்கியம். அது தாண்டினால் இன்னொரு ஒப்பந்தக் காலம் முழுக்க மாட்டிக்கொள்வோம். அதனால் நினைவூட்டலை அதற்கு 30 நாள் முன்பே வைத்தேன். குடோன் சீட்டெல்லாம் வழக்கம்போல 11 மாதம். நினைவூட்டல் அடிக்கடி வரும், வரட்டும்.

அப்புறம், கேஸ் என்று வந்தால் முத்திரைத்தாள் அசலைத்தான் கேட்பார்கள். அது எந்த பீரோவில் என்பதற்கும் ஒரு கட்டம் சேர்த்தோம். குடோன் ஆட்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி.