கையில் இருக்கும் கோஆக்ஸ் கேபிள் 50 ஓமா, 75 ஓமா? வெட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் முறை

சென்னை ரிச்சி தெருவில் துண்டுக் கேபிள் வாங்குபவர்களுக்கும், வீட்டுப் பரணில் பழைய சுருள் ஒன்றை வைத்திருப்பவர்களுக்கும் எழும் முதல் கேள்வி இதுதான். கோஆக்ஸ் என்பது நடுக்கம்பி, அதைச் சுற்றி இன்சுலேஷன், அதன் மேல் உலோகப் பின்னல், எல்லாவற்றுக்கும் மேல் உறை என்று அடுக்கிய கேபிள். அமெச்சூர் ரேடியோவுக்கு 50 ஓம் வேண்டும். டிவி, டிஷ், சிசிடிவி எல்லாம் 75 ஓம். உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்தால் போதாதா என்றால், போதாது. ஆர்ஜி-58, ஆர்ஜி-213 என்பவை அமெரிக்க ராணுவம் வைத்த பெயர்கள். அந்த ராணுவமே பிற்பாடு எம்17 என்று தொடங்கும் வேறு எண்களுக்கு மாறிவிட்டது. ஆர்ஜி-58சி அதில் எம்17/28. இன்று ஓர் ஆலை தன் கேபிளில் "ஆர்ஜி-58 வகை" என்று அச்சிட்டால், அந்தப் பழைய அளவுகள் அத்தனையும் உள்ளே இருக்கின்றன என்று பொருள் இல்லை. உள்ளே இருப்பதை அளந்துதான் நம்ப வேண்டும்.

மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே அளக்காதீர்கள். 50, 75 எதுவும் வராது. நாம் தேடுவது மின்மறுப்பு (இம்பீடன்ஸ்), அதாவது கேபிளில் ஓடும் ரேடியோ அலைக்கு அது காட்டும் மறுப்பு. அது கேபிளின் வடிவத்திலும் இன்சுலேஷனிலும் இருக்கிறது.

தேவையானவை

டிஜிட்டல் காலிப்பர், புதிய பிளேடு, சிறு காந்தம், ஒரு டம்ளர் தண்ணீர், மின்தேக்குத்திறன் (கெப்பாசிட்டன்ஸ்) அளக்கும் மல்டிமீட்டர். சுழற்றி உரிக்கும் பிளாஸ்டிக் கருவியை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் பிளேடு ஆழம் ஆர்ஜி-6, ஆர்ஜி-59 கேபிள்களுக்கு என்று அமைக்கப்பட்டது. வேறு கேபிளில் அது இன்சுலேஷனையும் சேர்த்துக் கீறிவிடும். கீறிய இடத்தில் எடுக்கும் அளவு பயன்படாது. ஸ்குரூ கேஜும் வேண்டாம், நுரை இன்சுலேஷனை அது நசுக்கும்.

படி 1: வெளி விட்டம்

உறையோடு சேர்த்து அளந்து கொள்ளுங்கள். 2.5 முதல் 2.8 மி.மீ. என்றால் ஆர்ஜி-174 அல்லது ஆர்ஜி-316. ஏறத்தாழ 5 என்றால் ஆர்ஜி-58, ஆர்ஜி-142, எல்எம்ஆர்-195 (எல்எம்ஆர் என்பது ஒரு நிறுவனத்தின் கேபிள் வரிசைப் பெயர்). 6.1 என்றால் ஆர்ஜி-59, ஆர்ஜி-62, எல்எம்ஆர்-240. 7க்குச் சற்றுக் குறைவு என்றால் பெரும்பாலும் ஆர்ஜி-6. 10.3 என்றால் ஆர்ஜி-213, ஆர்ஜி-11, எல்எம்ஆர்-400. 6.1, 10.3 அளவுகளில் 50 ஓம், 75 ஓம் இரண்டும் கலந்திருப்பதைக் கவனியுங்கள். 5 மி.மீ. கறுப்புக் கேபிளைப் பார்த்ததும் ஆர்ஜி-58 என்று முடிவு கட்டுவது அவசரம்.

உறையின் நிறம் உதவும் இடம் ஒன்றே ஒன்று: ஒளி ஊடுருவும் தேன் நிற உறை தெரிந்தால் அது டெஃப்லான் குடும்பம். ஆர்ஜி-316, ஆர்ஜி-142, ஆர்ஜி-400 எல்லாம் அப்படித்தான் இருக்கும். விலை உயர்ந்தவை, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

படி 2: பின்னல்

உறையை மூன்று செ.மீ. நீளத்துக்கு நீளவாக்கில் கீறிப் பிரியுங்கள். பளபளக்கும் அலுமினிய ஃபாயிலும் அதன் மேல் இடைவெளி விட்ட அலுமினியப் பின்னலும் இருந்தால், டிவிக்காகச் செய்த 75 ஓம் கேபிள் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். அலுமினியத்தில் சால்டர் ஒட்டாது என்பதால்தான் அந்தக் கேபிள்களுக்கு அழுத்திப் பொருத்தும் எஃப் கனெக்டர். வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னல் மட்டும் இருந்தால் ஆர்ஜி-58சி, ஆர்ஜி-174 வகை. ஃபாயிலும் செம்புப் பின்னலும் சேர்ந்திருந்தால் எல்எம்ஆர் வகை. வெள்ளி பூசிய பின்னல் இரண்டு அடுக்கு இருந்தால் ஆர்ஜி-214, ஆர்ஜி-223, ஆர்ஜி-142.

பின்னல் கறுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. இன்னும் ஒரு மீட்டர் தள்ளி வெட்டிப் பாருங்கள். அங்கும் கறுப்பு என்றால் அந்தச் சுருளை ஆன்டெனாவுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

படி 3: இன்சுலேஷன் திடமா, நுரையா, டெஃப்லானா?

இதைத் தவறவிட்டால் அடுத்த படியில் வரும் கணக்கு முழுவதும் பிசகிவிடும். நகத்தால் அழுத்துங்கள். திடமான பாலித்தீன் மெழுகு போல வழுவழுப்பாகவும், சற்றே ஒளி ஊடுருவுவதாகவும் இருக்கும், நகம் பதியாது. நுரை பால் வெள்ளையாக இருக்கும். நகத்தின் பிறைத்தடம் அதில் அப்படியே நிற்கும். குறுக்கே வெட்டிய முகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் நுண்ணிய துளைகள் தெரியும்.

டெஃப்லானா, பாலித்தீனா என்ற ஐயத்துக்குத் தண்ணீர். நடுக்கம்பியை உருவிவிட்டு இன்சுலேஷன் துண்டை மட்டும் டம்ளரில் போட்டு, ஒட்டிய காற்றுக் குமிழ்களை விரலால் தட்டிவிடுங்கள். பாலித்தீன் மிதக்கும், டெஃப்லான் மூழ்கும். சிலர் தீக்குச்சி வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள், சுட்ட டெஃப்லானின் புகை நஞ்சு.

படி 4: விகிதம்

இன்சுலேஷனின் வெளி விட்டத்தை நடுக்கம்பியின் விட்டத்தால் வகுக்க வேண்டும். மின்மறுப்பை முடிவு செய்வது இந்த விகிதமும் இன்சுலேஷன் பொருளும்தான்.

திடமான பாலித்தீன்: 3.5 வந்தால் 50 ஓம், 6.5 வந்தால் 75 ஓம்.
டெஃப்லான்: 3.3 வந்தால் 50, 6.1 வந்தால் 75.
நுரை: 2.7 வந்தால் 50, 4.5 வந்தால் 75.

ஆர்ஜி-6ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இன்சுலேஷன் 4.57, கம்பி 1.02, விகிதம் 4.5. நுரை என்று தெரிந்தால் 75 ஓம் என்று உடனே புரியும். திடம் என்று எண்ணிக் கணக்கிட்டால் 60 ஓம் வரும். இப்படி இரண்டுக்கும் நடுவே ஓர் எண் வந்து நின்றால் படி 3க்குத் திரும்புங்கள்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது முறுக்கிய கம்பிதான். ஏழு இழைக் கற்றையைக் காலிப்பரில் பிடித்தால், திருப்பத் திருப்ப அளவு மாறும். எதிரெதிர் இழைகளின் முதுகில் தாடை பட்டால் ஓர் அளவு, இழைகளுக்கு நடுவே பட்டால் அதைவிடக் குறைவு. அழுத்தினால் இழைகள் விலகி இன்னொன்று. ஆகவே கற்றையை அளக்கவே வேண்டாம். ஓர் இழையைப் பிரித்து நேராக்கி, அதை மட்டும் அளந்து, ஏழு இழை என்றால் 3ஆல் பெருக்குங்கள். பத்தொன்பது இழை என்றால் 5ஆல். கற்றையின் ஓரம் வட்டமாக இல்லாததால் ஏழு இழைக்கு விடையை 0.94ஆலும், பத்தொன்பதுக்கு 0.97ஆலும் பெருக்கிக் கொள்ளுங்கள்.

இதன் அருமை 10.3 மி.மீ. கேபிளில்தான் தெரியும். ஆர்ஜி-213, பழைய ஆர்ஜி-11ஏ இரண்டுக்கும் வெளி விட்டம் ஒன்று, கறுப்பு உறை ஒன்று, 7.25 மி.மீ. திட இன்சுலேஷன் ஒன்று. நடுவே ஏழு செம்பு இழைகள் என்பதும் ஒன்று. அளவில் வேறுபாடு இழையின் பருமனில் மட்டும். ஆர்ஜி-213இல் ஓர் இழை 0.75 மி.மீ., ஆர்ஜி-11ஏயில் 0.4. முதலாவதுக்கு விகிதம் 3.4, இரண்டாவதுக்கு 6.4. கூட்டலும் பெருக்கலும் தெரிந்த எவரும் இனி இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

படி 5: நடுக்கம்பியின் உலோகம்

காந்தத்தில் ஒட்டினால் செம்பு பூசிய எஃகு. ஒட்டாவிட்டால் பிளேடால் சுரண்டுங்கள்; சிவப்புக்கு அடியில் வெள்ளை தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். இரண்டுமே எப்போதும் மட்டம் அல்ல. 100 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேல்தோலில் சில மைக்ரான் ஆழத்தில்தான் ஓடுகிறது. ஆனால் குறைந்த அதிர்வெண்ணிலும், கேபிள் வழியே மின்சாரம் அனுப்பும்போதும் எஃகு இழப்பைக் கூட்டும். எல்எம்ஆர்-400இல் அலுமினியம் இருப்பது அதன் வடிவமைப்பே. "முழுச் செம்பு" என்று சொல்லி விற்ற கேபிளில் அலுமினியம் தெரிந்தால் கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள்.

படி 6: மின்தேக்குத்திறனால் உறுதி செய்தல்

10 மீட்டர் அளந்து, மறுமுனையைத் திறந்தே விட்டு, நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே அளங்கள். மீட்டர் ஒன்றுக்குத் திட 50 ஓம் ஏறத்தாழ 101 பைக்கோஃபாரட், திட 75 ஓம் 67, நுரை 50 ஓம் 78 அருகில், நுரை 75 ஓம் 53. பத்து மீட்டர் ஆர்ஜி-58 ஒரு நானோஃபாரட் காட்ட வேண்டும். விகிதமும் இதுவும் ஒத்துப்போனால் ஐயத்துக்கு இடமில்லை.

சேர்க்கை 1: நடுக்கம்பியைச் சுற்றி ஒரு பாலித்தீன் நூல் சுருளாக ஓடுகிறது, மீதி இடத்தில் காற்றுதான், விகிதம் எதற்கும் பொருந்தவில்லை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அது ஆர்ஜி-62, 93 ஓம். பழைய ஐபிஎம் 3270 கணினி முனையங்களுக்குப் பயன்பட்டது. மீட்டருக்கு 44 பைக்கோஃபாரட் காட்டும்.

சேர்க்கை 2: 75 ஓம் என்று தெரிந்தபின் எறிந்துவிடலாமா என்று பலர் கேட்கிறீர்கள். வேண்டாம். 50 ஓம் கருவியோடு இணைத்தால் நிலையலை விகிதம் (எஸ்டபிள்யூஆர், பொருத்தமின்மையின் அளவு; முழுப் பொருத்தம் என்றால் 1) 1.5தான், கேட்பதற்கு மட்டுமான ரிசீவருக்கு நல்ல ஆர்ஜி-6 தாராளமாகப் போதும். 144 மெகாஹெர்ட்ஸில் 15 மீட்டர் ஆர்ஜி-58 ஏறத்தாழ பாதித் திறனை விழுங்குகிறது. அந்த இடத்தில் ஆர்ஜி-6ஐயே நான் தேர்ந்தெடுப்பேன்.

சேர்க்கை 3: கேபிளில் ஏற்கெனவே "N" வகைக் கனெக்டர் இருந்தால், அதன் நடு ஊசியையும் பாருங்கள். 75 ஓம் ஊசி மெல்லியது. 50 ஓம் பிளக்கின் பருத்த ஊசியை 75 ஓம் சாக்கெட்டில் திணித்தால் சாக்கெட் விரிந்து கெட்டுவிடும். மாற்றிச் செருகினால் தொடர்பு விட்டுவிட்டு வரும்.