யாழ்ப்பாணத்தில் ஒரு காரை 3 லட்சம் கிலோமீற்றர் ஓட்டுவது எப்படி?

பெற்றோல் தடையிருந்த 1990களில் எங்கள் ஊர் ஒஸ்ரின் ஏ40 கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அந்த எஞ்சின் எதையும் பொறுத்துக்கொள்ளும். இன்றைய வகன் ஆர், விற்ஸ், அக்குவா அப்படியல்ல. ஆனால் ஒழுங்காகப் பார்த்தால் 3 லட்சம் கிலோமீற்றர் தாண்டும். எஞ்சின் தேய்ந்துபோவதைவிட, இங்கே கிணற்றுத் தண்ணீரும் உப்புக் காற்றும்தான் காரை முதலில் கெடுக்கின்றன. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல் திரும்பத் தொடங்கினாலும் வரி மிக அதிகம். கையிலிருப்பதைக் காப்பாற்றுவதுதான் புத்தி.

படி 1: கையேடும் கொப்பியும்

யப்பானிலிருந்து வந்த கார் என்றால் கையேடு யப்பான் மொழியில் இருக்கும். அதே மாடலின் ஆங்கிலக் கையேட்டை இணையத்தில் தேடி எடுங்கள். ஒரு கொப்பியில் திகதி, மீற்றர் அளவு, மாற்றிய பொருள் மூன்றையும் எழுதிவையுங்கள்.

படி 2: ஒயில்

கோண்டாவிலிலிருந்து நல்லூருக்குப் போய்வரும் ஓட்டத்தில் எஞ்சின் முழுதாகச் சூடேறுவதில்லை. ஈரமும் பெற்றோலும் ஒயிலில் தங்கிவிடும். அதனால் 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது ஒயிலையும் பில்டரையும் மாற்றுங்கள். கையேட்டில் உள்ள தரத்தையே கேட்டு வாங்குங்கள்.

படி 3: கூலன்ற்

கூலன்ற் என்பது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக் கல். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, ரேடியேற்றருக்குள் கிணற்றுத் தண்ணீர் விட்டால் அதேதான் படியும். கரையோரக் கிணறென்றால் உவரும் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும்.

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ற் நிற்கும் சிறிய பிளாஸ்ரிக் தாங்கியைப் பாருங்கள். மட்டம் இரண்டு கோடுகளுக்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் கையேடு சொல்லும் வகையை மட்டும் விடுங்கள். நிறம் ஒன்றாக இருப்பதால் வகையும் ஒன்றென்று நம்ப வேண்டாம். கலந்து பாவிக்கும் வகையென்றால் காய்ச்சி வடித்த தண்ணீரைச் சேருங்கள். திரும்பத் திரும்பக் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. நிரப்பிக்கொண்டே ஓடாமல் கராஜுக்குக் கொண்டுபோங்கள். எஞ்சின் சூடாக இருக்கையில் ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

பல சிறிய கார்களில் வெப்பமானி முள் இல்லை, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிந்தால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். "வீடு கிட்டத்தானே" என்று ஓட்டினால் எஞ்சின் தலை வளைந்துவிடும்.

படி 4: உப்பு

பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போய்வந்தாலோ, நயினாதீவு போகக் குறிகட்டுவானில் காரை விட்டிருந்தாலோ, அன்றைக்கே அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், அதுவும் நல்ல தண்ணீரால். சவர்த் தண்ணீரால் கழுவினால் இன்னும் உப்பைப் பூசுகிறீர்கள்.

கதவுகளின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடியும் சிறு துளைகள் உண்டு. மாரிமழைக்கு முன் ஓர் ஈர்க்கால் அடைப்பை எடுத்துவிடுங்கள். ஜாக் வைக்கும் இடம், பிறேக் குழாய்கள் இரண்டையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். குழாயில் கறள் கண்டால் கராஜில் காட்டுங்கள். தகட்டிலென்றால் சுரண்டி, கறள் தடுப்புப் பூச்சு அடித்து, பிறகு பெயின்ற். கறளின் மேலேயே கறுப்புத் தார் பூசித் தருபவர்களிடம் வேண்டாமென்று சொல்லுங்கள். உள்ளே ஈரம் அடைபட்டு இன்னும் வேகமாக அரிக்கும்.

படி 5: மற்றவை

பிறேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. சிவிரி (CVT) என்ற தானியங்கி கியர்பொக்ஸுக்கு அதற்குரிய ஒயில் மட்டும். ரைமிங் பெல்ற் உள்ள எஞ்சினென்றால் கையேடு சொன்ன கிலோமீற்றரைத் தாண்டவிடாதீர்கள்.

அக்குவா போல பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட்டில் பின்சீட்டருகே பெரிய பற்றரிக்குக் காற்று இழுக்கும் வாய் ஒன்று இருக்கிறது. செம்மண் தூசு அங்கேதான் போய் அடைக்கும். மாதத்துக்கு ஒருமுறை மெல்லிய பிரஷால் துடையுங்கள், அதன்மேல் பையோ துவாயோ போடாதீர்கள்.