இரண்டு லைன் இருந்தும் நெட் போகிறதா?

இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கி, இரண்டையும் மைக்ரோடிக் ரவுட்டரில் செருகியும் வைத்திருந்தேன். அப்படியும் முதல் லைன் போன அன்று அலுவலகமே கைகட்டி உட்கார்ந்திருந்தது. அதைச் சரிசெய்த கதைதான் இது.

1. இரண்டு மோடமும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒன்றை 192.168.2.1 ஆக்குங்கள். இல்லாவிட்டால் ரவுட்டர் குழம்பிவிடும்.

2. மோடங்கள் செருகிய இரண்டு போர்ட்டுக்கும் மாஸ்கரேட் விதி (கணினிகளின் உள் முகவரியை மறைத்து, ரவுட்டரின் முகவரியில் வெளியே அனுப்புவது) வேண்டும். மோடத்திடம் முகவரி வாங்கும் டிஎச்சிபி கிளையன்ட் தானாகப் போடும் டிஃபால்ட் ரூட்டை (இணையத்துக்குப் போகும் பொது வழி) நிறுத்திவிடுங்கள், நாமே போடப்போகிறோம்.

3. நான் வழுக்கிய இடம் இதுதான். கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல், உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் 'செக் கேட்வே' என்ற இடத்தில் பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்ப்பது) என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஆனால் ரவுட்டர் பிங் செய்தது மோடத்தை! வெளியே எங்கோ ஃபைபர் அறுந்து, மோடத்தில் சிவப்பு விளக்கு மின்னுகிறது. மோடமோ மேசை மேல் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பிங்குக்கும் ஒழுங்காகப் பதில் சொல்கிறது. அப்புறம் ரவுட்டர் ஏன் அடுத்த லைனுக்கு மாறப்போகிறது?

மோடத்தைத் தாண்டி வெளியே இருக்கும் ஒன்றைக் கேட்க வைக்க வேண்டும். கூகுளின் பொது சர்வரான 8.8.8.8-க்கு மட்டும் தனியாக ஒரு ரூட்: கேட்வேயாக முதலாவது மோடம், ஸ்கோப் 10. பிறகு டிஃபால்ட் ரூட்: கேட்வே 8.8.8.8, டார்கெட் ஸ்கோப் 11 (8.8.8.8-க்கான வழியை மேலே போட்ட ரூட்டில் தேட விடுவது), டிஸ்டன்ஸ் 1 (சிறிய எண்ணுக்கே முன்னுரிமை), செக் கேட்வே பிங். இரண்டாவது மோடத்துக்குப் போகும் டிஃபால்ட் ரூட்டுக்கு டிஸ்டன்ஸ் 2. பத்துப் பத்து விநாடியாக இரண்டு முறை பதில் வராவிட்டால் லைன் மாறிவிடும்.

4. சோதிக்கும்போது ரவுட்டருக்கும் மோடத்துக்கும் நடுவில் உள்ள வயரைப் பிடுங்காதீர்கள். அதில் தவறாக அமைத்திருந்தாலும் பாஸ் ஆகிவிடும். மோடத்தின் பின்னால் இருக்கும் ஃபைபரைக் கழற்றுங்கள், முனையில் விரல் படாமல்.

இரண்டு லைனையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் வேகம் கூடாதா? பலர் ஒன்றாக வேலை செய்தால் நெரிசல் குறையும். ஆனால் 100 எம்பிபிஎஸ் லைன் இரண்டு இருப்பதால் ஒரே டவுன்லோட் 200-இல் வராது. தவிர, சரியாகப் பிரிக்காவிட்டால் வெளி ஐபி மாறிக்கொண்டே இருக்கும். வங்கித் தளங்கள் பாதியில் லாகின் பக்கத்துக்குத் துரத்திவிடும். சின்ன அலுவலகத்துக்கு ஒன்று ஓட, மற்றொன்று காத்திருப்பதே போதும் என்பேன்.

பின்சேர்க்கை: இதைப் பார்த்துச் செய்த ஒருவருக்கு, லைன் மாறியும் எந்தத் தளமும் திறக்கவில்லை. அவருடைய கணினிகளில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித்தரும் சர்வர்) முகவரியும் அதே 8.8.8.8! அதற்கான தனி ரூட் செத்த லைனைத்தானே காட்டும்? கணினிகளுக்கு 1.1.1.1 கொடுத்ததும் சரியாகிவிட்டது.