மார்கழியில் ஒரு நாவல்: உட்காரும் முன் என்னென்ன சேர்த்து வைக்க வேண்டும்?

ஒரே மாதத்தில் நாவலின் முதல் வரைவை எழுதி முடிக்கும் பழக்கம் அமெரிக்காவில் தொடங்கியது. 1999 ஜூலையில் சான்பிரான்சிஸ்கோ பக்கம் கிறிஸ் பேட்டி என்பவரோடு சேர்த்து 21 பேர் இதில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டே நவம்பருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே நவம்பரில் வானிலை மோசமாக இருக்கும், வெளியே போக மனசு வராது என்பதுதான் காரணம். 30 நாள், 50,000 சொல் என்பது கணக்கு. அதை நடத்திவந்த அமைப்பு, தன் வேலையை நிறுத்திக்கொள்வதாக 2025இல் அறிவித்துவிட்டது. ஆனால் எழுதும் முறைக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. நம் வீட்டிலேயே, நமக்கு ஏற்றபடி செய்யலாம்.

நான் ஈரோடு மாவட்டத்தில் பெருந்துறைப் பக்கம் இருக்கிறேன். முதல் தடவை அவர்களைப் போலவே நவம்பரில் தொடங்கினேன். தீபாவளி வந்தது, அடுத்தடுத்து மூன்று முகூர்த்தங்கள், வீடு நிறைய ஒரம்பரை, அதாவது உறவுக்காரர்கள். பதினோராம் நாளோடு நின்றுபோனது. மறு ஆண்டு முடித்தேன். இரண்டுக்கும் நடுவில் மாறியது என் திறமை இல்லை, ஏற்பாடுகள்தான். எழுதும்போது இடத்தை விட்டு எழுந்திருக்க என்னென்ன காரணம் வரும் என்று யோசித்து, ஒவ்வொன்றையும் முன்கூட்டியே அடைத்தேன். கீழே இருப்பதெல்லாம் அதற்கான வழிதான்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மார்கழியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் இல்லை, புதுமனை புகுவிழா இல்லை, பத்திரிகை வைக்க யாரும் வருவதில்லை. விடியற்காலை ஊரே எழுந்திருக்கும், ஆனால் யாரும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. 29 நாள், சில ஆண்டு 30. முடித்த கையோடு பொங்கல் நோம்பி. ஆடியிலும் கல்யாணம் இருக்காது, நாளும் கூடுதல்தான். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் மேசைமேல் ஒரு தாள் நிற்காது. கணினியில் எழுதுபவர்களுக்கு ஆடியும் சரிதான்.

படி 2: கணக்கைத் தமிழுக்கு மாற்றுங்கள்

50,000 சொல் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 'போய்க்கொண்டிருந்தேன்' என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் இதையே மூன்றாக எண்ணுவார்கள். முதல்முறை எழுதுபவர்களுக்கு நான் சொல்வது நாளுக்கு 1,000 சொல். 29 நாளில் 29,000. இது ஒரு சிறு நாவலுக்கான நல்ல வரைவு.

படி 3: எழுதும் பொருள்கள்

கார்த்திகை பாதியிலேயே வாங்க ஆரம்பித்துவிடுங்கள்.

கையால் எழுதுபவர்கள் 192 பக்க லாங் சைஸ் நோட்டு மூன்று வாங்குங்கள். ஏன் மூன்று? என் கையெழுத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 140 சொல் வரும். ஆக ஒரு நாளைக்கு ஏழு பக்கம். வலப்பக்கம் மட்டும் எழுதுங்கள். இடப்பக்கம் காலியாக இருக்கட்டும், பின்னால் தோன்றும் திருத்தங்களுக்கு அதுதான் இடம். பேனா உங்கள் விருப்பம், ஆனால் அழுத்தாமல் எழுதும் பேனாவாக இருக்க வேண்டும். அழுத்தி எழுதினால் நாலாம் நாளே கட்டைவிரல் வலிக்கத் தொடங்கும். பத்து ரீஃபில் சேர்த்து வாங்கி வையுங்கள். அப்புறம் கிளிப் வைத்த பரீட்சை அட்டை ஒன்று. கட்டிலிலோ திண்ணையிலோ உட்கார்ந்து எழுத அதைவிட வசதி வேறு இல்லை.

கணினியில் எழுதுபவர்கள் தட்டச்சை இப்போதே பழகுங்கள். சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறையில் சின்னச் சின்ன விரல்வேலை அதிகம். தமிழ்99 விசைப்பலகையில் உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. இரண்டு வாரம் தினமும் அரைமணி நேரம் பழகினால் கை தானாக ஓடும். மார்கழி முதல் தேதி பழக ஆரம்பித்தால் கவனம் முழுக்க விசையில்தான் இருக்கும், கதையில் இருக்காது. தினமும் முடித்ததும் கோப்பை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள்.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று: கிழித்த தினசரி காலண்டர் தாள்கள். அவற்றின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். நாளைக்கு என்ன காட்சி என்பதை முந்தின ராத்திரி அதில் மூன்று வரி எழுதி வையுங்கள். காலையில் "எங்கே விட்டோம்?" என்று தேட வேண்டியதில்லை. ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால் மாதக் கடைசியில் அதுவே நாவலின் சுருக்கமாகவும் இருக்கும்.

படி 4: சொல் நோட்டு

இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சட்டைப்பையில் அடங்கும் சின்ன நோட்டு ஒன்று. கதை நம் ஊரில் நடந்தால் நம் சொற்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் வேலி போட்ட இட்டேரி, மாடு கட்டும் கட்டுத்தறை, சாமான் ஏற்றி வைக்கும் அட்டாலி, சாயங்காலத்துக்குப் 'பொழுதோட'. இவை எழுதும் வேகத்தில் ஞாபகம் வராது. வீட்டில் பெரியவர்கள் பேசும்போது கேட்டுக் குறித்து வையுங்கள். என் அப்பத்தாவிடம் ஒரு மணி நேரம் பேசி நாற்பது சொல் சேர்த்தேன். அவற்றில் பாதி நாவலுக்குள் வந்துவிட்டது.

படி 5: உட்காரும் இடம்

முழங்கை மேசை மட்டத்தில் இருக்க வேண்டும். அது ஒன்று சரியாக இருந்தால் தோள் வலி பெரும்பாலும் வராது. தரையில் உட்காரும் பழக்கம் உள்ளவர்கள் பவானி ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். தடிப்பான நெசவு, மார்கழித் தரையின் சில்லிப்பு மேலே ஏறாது. தோளுக்கு ஒரு சென்னிமலைப் போர்வை. கொசுவுக்கு நீளமான காலுறை. விளக்கு, வலக்கையால் எழுதுபவர்களுக்கு இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும். சார்ஜ் ஏறும் விளக்காக வாங்குங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளைச் செய்தித்தாளில் முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

கைபேசி வேறு அறையில். நேரம் பார்க்க ஒரு பழைய அலாரம் கடிகாரம் போதும்.

படி 6: ஃபிளாஸ்க்கும் தீனியும்

எழுந்து அடுப்படிக்குப் போனால் திரும்பி வர இருபது நிமிடம் ஆகும். அதனால் சுக்குமல்லிப் பொடியை ஒரு மாதத்துக்குச் சேர்த்தே அரைத்து வைத்துக்கொள்கிறேன். 100 கிராம் கொத்தமல்லி விதையை வாசம் வரும்வரை லேசாக வறுங்கள். கருகினால் கசக்கும், அதனால் பக்கத்திலேயே நில்லுங்கள். 50 கிராம் சுக்கை உரலில் போட்டு நசுக்கிக்கொள்ளுங்கள். முழுசாகப் போட்டால் மிக்ஸி பிளேடுக்கு ஆகாது. ஒரு மேசைக்கரண்டி மிளகும் நாலு ஏலக்காயும் சேர்த்து எல்லாவற்றையும் கொரகொரப்பாக அரையுங்கள். இரண்டு டம்ளர் தண்ணீருக்கு ஒரு கரண்டி பொடி, கருப்பட்டி அல்லது கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை. ஒன்றரை டம்ளராகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு வடிகட்டி ஃபிளாஸ்க்கில் ஊற்றுங்கள். காலை 5 மணிக்கு மூடியைத் திறந்ததும் வரும் அந்த ஆவியே தூக்கத்தைக் கலைத்துவிடும்.

தீனியைப் பொறுத்தவரை விரலில் எண்ணெய் ஒட்டக்கூடாது. முறுக்கும் மிக்சரும் வேண்டாம். வறுத்த கடலைக்காய், பொட்டுக்கடலை, எள்ளுருண்டை போதும்.

சமையலையும் சுருக்குங்கள். வாரத்தில் மூன்று ராத்திரி எங்கள் வீட்டில் அரிசிம்பருப்பு சாதம்தான். ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம் தாளித்து மூன்றரை டம்ளர் தண்ணீர். குக்கரில் மூன்று விசில். மேலே ஒரு கரண்டி நெய். கூட ஊறுகாய் இருந்தால் போதும், குழந்தைகளும் கேட்டுச் சாப்பிடும்.

படி 7: வீட்டில் சொல்லிவிடுங்கள்

ஒளித்து எழுத வேண்டாம். என் மாமியாரிடம் நேராகவே சொன்னேன்: "அத்தை, மார்கழி பூராவும் காலையில அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் மாடி ரூம்ல எழுதப் போறேனுங்க."

"சரி அம்மிணி, பாலை நான் வாங்கிக்கறேன். கோலம்?"

"ஏழு மணிக்கு வந்து போடறேனுங்க."

அந்த மாதம் எங்கள் வாசலில் கோலம் கொஞ்சம் தாமதமாகத்தான் விழுந்தது. அத்தை ஒரு நாள்கூட ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் தட்டவும் இல்லை. இந்த உதவியைக் கடையில் வாங்க முடியாது, கேட்டுத்தான் பெற வேண்டும். பதிலுக்கு நீங்கள் எந்த வேலையை எடுத்துக்கொள்வீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

கோயில் ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்தால் காதுக்குக் கொஞ்சம் பஞ்சு. எனக்கு அந்தப் பாட்டு தூரத்தில் கேட்பது பிடிக்கும், அதனால் ஜன்னலைத் திறந்தே வைப்பேன்.

படி 8: கார்த்திகை கடைசி ராத்திரி

ஃபிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். பாத்திரத்தில் தண்ணீரும் பொடியும் அளந்து அடுப்புமேல் தயாராக இருக்கட்டும். போர்வை நாற்காலியில், காலண்டர் தாள் நோட்டுக்குள். முதல் பக்கத்தின் மேலே 'மார்கழி 1' என்று மட்டும் எழுதி, பேனாவை அந்தப் பக்கத்திலேயே வைத்து நோட்டை மூடுங்கள். அலாரம் 4:40க்கு.