14 அங்குல கேமிங் லேப்டாப்பா, தின் அண்ட் லைட்டா? வாங்குமுன் போட வேண்டிய வாட் கணக்கு

"சின்னதா, வெயிட் இல்லாம, கொஞ்சம் கேமும் ஓடுற மாதிரி" என்று கடையில் கேட்டால் மேசைக்கு இரண்டு ரகம் வரும். ஒன்று தின் அண்ட் லைட்: 1.24 கிலோ மேக்புக் ஏர், 1.1 கிலோவை ஒட்டிய திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் போன்றவை. மற்றொன்று சின்ன கேமிங் லேப்டாப்: ஆசஸ் ஜெஃபிரஸ் ஜி14, ரேசர் பிளேட் 14, எச்பி ஓமன் டிரான்சென்ட் 14. கையில் தூக்கிப் பார்த்தால் வித்தியாசம் 300, 400 கிராம்தான். "இவ்வளவுதானே, கேமிங்கையே எடுத்துடலாம்" என்று தோன்றுவது அந்த இடத்தில்தான். ஆனால் வித்தியாசம் லேப்டாப்பின் எடையில் இல்லை, அது குடிக்கும் வாட்டில் இருக்கிறது. சார்ஜர், சூடு, சத்தம், பேட்டரி எல்லாம் அதிலிருந்து வருபவை.

முதலில் ஒரு வாரக் கணக்கு

இப்போது வைத்திருக்கும் கம்ப்யூட்டரை ஏழு நாள் கவனியுங்கள். தாளில் மூன்று பத்தி போதும்: பிளக் பக்கத்தில் வேலை செய்த மணி, பிளக் இல்லாத இடத்தில் செய்த மணி, கேம், வீடியோ எடிட்டிங், 3டி ரெண்டரிங் என்று கிராபிக்ஸ் சிப்பைக் கசக்கிய மணி. நினைவிலிருந்து எழுதாமல் அன்றன்றைக்கு எழுதுங்கள். நினைவு எப்போதும் கேம் மணியைக் கூட்டித்தான் சொல்லும்.

மூன்றாவது பத்தி வாரத்துக்கு நாலைந்து மணிக்குக் கீழே, இரண்டாவது பத்தி நாளுக்கு மூன்று மணிக்கு மேலே என்றால் தின் அண்ட் லைட் எடுங்கள், இதற்கு மேல் குழம்ப வேண்டாம். மூன்றாவது பத்தி பத்து மணியைத் தாண்டி, அதுவும் விடுதி, வீடு, அலுவலகம் என்று இடம் மாறி மாறி நடந்தால் சின்ன கேமிங் லேப்டாப்புக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

அந்தப் பத்து மணியும் ஒரே மேசையில் கழிகிறதா? அப்படியானால் இந்த ரகமே உங்களுக்கு வேண்டாம். சின்ன உடம்பில் பெரிய ஜிபியுவை, அதாவது கிராபிக்ஸ் சிப்பை, அடக்குவதற்கென்றே ஒரு விலை இருக்கிறது. அதே காசுக்கு 16 அங்குல கேமிங் லேப்டாப்பில் கூடுதல் வேகமும் குறைந்த சூடும் கிடைக்கும். இல்லையென்றால் விலை குறைந்த தின் அண்ட் லைட் ஒன்று, மீதிக் காசில் மேசைக்கு ஒரு டெஸ்க்டாப். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

எந்த சாஃப்ட்வேர் என்று எழுதுங்கள்

"கிராபிக்ஸ் கார்டு இருந்தால் நல்லது" என்று பொதுவாக யோசிப்பதால்தான் பணம் தவறான இடத்துக்குப் போகிறது. வேர்ட், எக்செல், பைதான், ஜாவா, வெப் டெவலப்மென்ட், ஆட்டோகேட்டில் 2டி வரைபடம் ஆகியவற்றுக்குத் தனி ஜிபியு தேவையில்லை. வாலரன்ட், மைன்கிராஃப்ட், ஜிடிஏ 5 போன்றவற்றை ஏஎம்டியின் ரேடியான் 780எம், இன்டெலின் ஆர்க் 140வி போன்ற, பிராசஸருக்குள்ளேயே உள்ளடங்கிய ஜிபியுக்களே 1080பி-யில் நன்றாக ஓட்டும். ஒரு நிபந்தனை: ரேம் இரட்டைச் சேனலில் இருக்க வேண்டும். உள்ளடங்கிய ஜிபியுவுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் கடன் வாங்குகிறது. ஒரே ஒரு ஸ்டிக் போட்டு விற்கும் மாடலில் பாதை பாதியாகிவிடும், ஃபிரேம் எண்ணிக்கை சரியும்.

பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேரில் சைக்கிள்ஸ் ரெண்டர், சொந்தக் கணினியிலேயே என்விடியாவின் கூடா கொண்டு ஏஐ மாடல் டிரெயினிங், புதிய பெரிய கேம்கள் என்றால் என்விடியா ஜிபியு வேண்டும். ஏஐ மாடல் ஓட்ட நினைப்பவர்கள் ஜிபியுவின் தனி மெமரியான விராமைப் பாருங்கள்: 8 ஜிபி இருந்தால் 4 பிட்டாகச் சுருக்கிய 7, 8 பில்லியன் பாராமீட்டர் மாடல் அடங்கும், 14 பில்லியன் வழியும். ஆர்டிஎக்ஸ் 4050-இல் 6 ஜிபிதான். கல்லூரிப் பயிற்சிகள் இணையத்திலேயே ஓடும் கூகுள் கோலாபில்தான் ஓடப்போகின்றன என்றால் இந்தக் கவலையும் இல்லை.

கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. புதிய கேமராக்கள் தரும் 10 பிட் 4:2:2 ஹெச்.265 கோப்புகளை ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரையிலான என்விடியா சிப்கள் ஹார்ட்வேரில் பிரிக்காது (டிகோட் செய்யாது). ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அது வந்தது. இன்டெலின் உள்ளடங்கிய ஜிபியு 11ஆம் தலைமுறை முதலே பிரிக்கும். அதனால் ஏஎம்டி பிராசஸருடன் ஆர்டிஎக்ஸ் 4060 போட்ட கேமிங் லேப்டாப்பில் டைம்லைன் திக்கித் திக்கி நகர, பாதி விலை இன்டெல் லேப்டாப்பில் அதே கிளிப் வழுக்கிக்கொண்டு ஓடுவதும் நடக்கும். உங்கள் கேமரா கோப்பு ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுபோய்க் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள்.

மேக் எடுக்க நினைத்தால் சாலிட்வொர்க்ஸ், ரெவிட், வாலரன்ட் மூன்றும் அதற்கு இல்லை என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்புகள் பேட்டரியில் அருமை. ஆனால் அந்த சிப்பின் ஆர்ம் வகைக்கு டிரைவர் வெளிவராத பழைய பிரிண்டர், லேப் கருவிகள் அவற்றில் வேலை செய்யாது.

ஒரே பெயர், வேறு வேறு வேகம்

கேமிங் பக்கம் சாய்ந்தவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில். ஸ்டிக்கரில் ஆர்டிஎக்ஸ் 4060 என்று இருக்கும். அதே சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதில் வேண்டுமானாலும் பூட்ட என்விடியா அனுமதிக்கிறது. அதற்கு மேல் டைனமிக் பூஸ்ட் என்று ஒன்று: சிபியு சும்மா இருக்கும்போது அதன் பங்கிலிருந்து 25 வாட் வரை ஜிபியுவுக்குக் கைமாறும். 2024 ஜி14-இல் எழுதியிருக்கும் 90 வாட் என்பது 65-உம் 25-உம் சேர்ந்தது. சிபியுவும் சேர்ந்து உழைக்கும் கேமில் அந்த 25 முழுதாக வராது.

ஆகவே ஜிபியு பெயருக்குப் பக்கத்தில் வாட் எண்ணைத் தேடுங்கள். தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் விவரக்குறிப்பின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். கடையில் டெமோ பீஸ் ஓடிக்கொண்டிருந்தால் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனுக்குப் போங்கள். 'மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர்' என்ற வரியில் உண்மை இருக்கும். 60 வாட்டுக்குக் கீழே இருந்தால் அந்த விலைக்கு யோசியுங்கள்.

திரையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 2880க்கு 1800 ஓலெட் திரை கண்ணுக்கு விருந்து, ஆனால் 1920க்கு 1200 திரையைவிட அதில் புள்ளிகள் 2.25 மடங்கு. 8 ஜிபி விராம் கொண்ட ஜிபியு அத்தனையையும் நிரப்பித் திணறும். குறைந்த ரெசொல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் வசதியைப் போட்டோ, ரெசொல்யூஷனையே குறைத்தோதான் ஆட வேண்டிவரும்.

பேட்டரி: வகுத்தல் கணக்கு

'18 மணி நேரம்' என்ற விளம்பரத்தை விடுங்கள். பேட்டரியின் வாட்-அவரைச் சராசரி வாட்டால் வகுத்தால் மணி வரும். தின் அண்ட் லைட்டில் 54 வாட்-அவர், எழுத்து வேலைக்கு 6 வாட் என்றால் 9 மணி. கேமிங் லேப்டாப்பில் பேட்டரி பெரியது, 73 வாட்-அவர். ஆனால் அதே வேலைக்கு 10, 12 வாட் இழுக்கும், 6 முதல் 7 மணி. மோசமில்லைதான். ஆனால் இது என்விடியா சிப் தூங்கினால் மட்டும். தூங்காவிட்டால் கூடுதலாக எட்டுப் பத்து வாட் சேர்ந்து 20 ஆகி, மூன்றரை மணியில் பேட்டரி காலி. "கேமிங் லேப்டாப்பில் பேட்டரியே நிற்காது" என்ற புலம்பலில் பாதி இதனால் வருவது.

தூக்கத்தைக் கெடுப்பவை சில உண்டு. எம்யூஎக்ஸ் சுவிட்ச் உள்ள மாடல்களில் கேமுக்காக ஜிபியுவைத் திரையோடு நேராக இணைத்துவிட்டு, மாற்ற மறந்துவிடுவது. ஹெச்டிஎம்ஐ வழியாக மானிட்டர் மாட்டுவது. பல மாடல்களில் அந்த போர்ட் என்விடியா சிப்போடுதான் இணைந்திருக்கிறது. பின்னணியில் அசையும் வால்பேப்பர், விளக்குகளை ஆட்டுவிக்கும் ஆப். என்விடியா கண்ட்ரோல் பேனலின் டெஸ்க்டாப் மெனுவில் ஜிபியு ஆக்டிவிட்டி ஐகானைப் போட்டுவிட்டால் எந்த ஆப் எழுப்புகிறது என்று கடிகாரத்தின் பக்கத்திலேயே தெரியும். விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் போய் அந்த ஆப்பை 'பவர் சேவிங்' என்று மாற்றுங்கள். பேட்டரியில் ஓடும்போது திரையின் 120 ஹெர்ட்ஸை 60 ஆக்குங்கள்.

பேட்டரியில் பெரிய கேம் ஆடுவது கேமிங் லேப்டாப்பிலும் நடக்காத கதை. பிளக்கை எடுத்ததும் ஜிபியுவின் வாட் பாதிக்கும் கீழே இறக்கப்படும், அப்படியும் ஒரு மணி நேரம் தாண்டுவது அபூர்வம்.

சார்ஜரையும் சேர்த்து எடை போடுங்கள்

தின் அண்ட் லைட்டின் 65 வாட் யுஎஸ்பி-சி சார்ஜர் உள்ளங்கையில் அடங்கும். ஜி14 போன்றவற்றின் 180 வாட் அடாப்டர் கேபிளோடு அரைக் கிலோவை ஒட்டி வரும். பையில் உண்மையான வித்தியாசம் 300 கிராம் இல்லை, 600, 700 கிராம்.

பல கேமிங் லேப்டாப்புகள் 100 வாட் யுஎஸ்பி-சி சார்ஜரையும் ஏற்கும். வகுப்புக்கும் பயணத்துக்கும் அது போதும், பெரிய அடாப்டர் வீட்டிலேயே கிடக்கலாம். ஆனால் அதை மாட்டிக்கொண்டு கேம் ஆடினால் உள்ளே வருவது 100, செலவு 130, 140 என்று பேட்டரி மெல்லக் கரையும். ஓமன் டிரான்சென்ட் 14 தன் 140 வாட்டையும் யுஎஸ்பி-சி வழியாகவே வாங்குவது இந்த வகையில் வசதி.

கேபிளைக் கவனியுங்கள். சாதாரண யுஎஸ்பி-சி கேபிள் 3 ஆம்பியர்தான் தாங்கும், 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் தன் திறனைச் சார்ஜருக்குச் சொல்லும் இ-மார்க்கர் சிப் உள்ள 5 ஆம்பியர் கேபிள் தேவை. போனோடு வந்த '80 வாட்' சார்ஜரை நம்ப வேண்டாம், அந்த வேகம் பெரும்பாலும் அதே கம்பெனி போனுக்கு மட்டும்தான். ரயில் பெட்டியில் உள்ள சார்ஜிங் பாயிண்ட் கைப்பேசிக்கானது. 180 வாட் அடாப்டரை அதில் செருகாதீர்கள்.

மெட்டல் உடம்பு லேப்டாப்பை இரண்டு முள் சார்ஜரில் போட்டுத் தடவினால் விரலில் லேசாகச் சுறுசுறு என்று இருக்கும். அடாப்டருக்குள் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர் வழியே கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் அது, ஆபத்தில்லை. எர்த் சரியாக உள்ள சாக்கெட்டில் மூன்று முள் கேபிள் போட்டால் நின்றுவிடும்.

சூடும் சத்தமும்

யூடியூப் ரிவ்யூக்களில் காட்டும் வெப்பநிலை பெரும்பாலும் ஏசி அறையில் எடுத்தது. அறை 24 டிகிரியில் இருந்து 36 ஆனால் சிப்பும் ஏறத்தாழ அந்த 12 டிகிரி கூடும். ரிவ்யூவில் 85 காட்டிய சிபியு சென்னையில் மே மாதம் ஃபேன் காற்றில் 95-ஐத் தொட்டு, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சின்ன கேமிங் லேப்டாப்பை ஏசி இல்லாத அறையில்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால் டர்போ முறை வேண்டாம். பேலன்ஸ்ட் முறையில் போட்டு ஃபிரேம் எண்ணிக்கையை 60 அல்லது 90-இல் நிறுத்துங்கள், கூச்சலும் பாதியாகும்.

மெத்தையில் வைத்து ஆடக் கூடாது, காற்று இழுக்கும் துளைகள் அடியில் இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைத் தெருமுனைக் கடையில் மாற்றக் கொடுக்குமுன் உங்கள் மாடலில் அதற்குப் பதில் லிக்விட் மெட்டல் உள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது மின்சாரம் கடத்தும். தெரியாமல் துடைத்து மதர்போர்டில் ஒரு சொட்டு விழுந்தால் போர்டே போய்விடும்.

மேக்புக் ஏரில் 2020 எம்1 முதல் ஃபேனே கிடையாது. நூலகத்தில் சுகம். ஆனால் சில நிமிடங்களுக்கு மேல் தொடர்ந்து கசக்கினால் வேகம் இறங்கும், அரை மணி நேர எக்ஸ்போர்ட்டுகளுக்கு ஏற்றதல்ல.

கடையில், பிறகு வீட்டில்

ரேம் 16 ஜிபிக்குக் குறையாமல் எடுங்கள், நாலைந்து வருடம் வைத்திருப்பதென்றால் 32. பின்னால் கூட்டிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். 2023 வரை ஜி14-இல் ஒரு ரேம் ஸ்லாட் இருந்தது, 2024 முதல் எல்லாம் போர்டிலேயே பற்றவைத்தது. இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் பிராசஸரோடு ஒரே பொதியில் இருப்பதால் வாங்கிய அளவுதான் கடைசிவரை. எஸ்எஸ்டியைப் பெரும்பாலான விண்டோஸ் மாடல்களில் மாற்றலாம். டேலியில் நாள் முழுக்க எண் அடிப்பவர்கள் கவனத்துக்கு: இரண்டு ரகத்திலும் நம்பர் பேட் இருக்காது.

தொழிலுக்கு வாங்குபவர்கள் பில்லில் ஜிஎஸ்டி எண்ணைப் போடச் சொல்லுங்கள். லேப்டாப்பின் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கணக்கில் எடுக்கலாம், எண் இல்லாத பில்லில் முடியாது.

வீட்டுக்கு வந்ததும் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். மாற்றிக்கொடுக்கும் கெடு முடிவதற்குள் மூன்றை முடியுங்கள்: முழு சார்ஜில் பிளக்கை எடுத்து உங்கள் அன்றாட வேலையை இரண்டு மணி நேரம் செய்து எத்தனை சதவீதம் இறங்கியது என்று பாருங்கள்; ஒரு கனமான கேமையோ ரெண்டரையோ அரை மணி தொடர்ந்து ஓட்டி வேகம் பாதியில் விழுகிறதா என்று பாருங்கள்; எல்லா யுஎஸ்பி-சி போர்ட்டிலும் சார்ஜ் ஏறுகிறதா என்று செருகிப் பாருங்கள். எந்நேரமும் பிளக்கிலேயே இருக்கப்போகும் லேப்டாப் என்றால் கம்பெனி ஆப்பில் சார்ஜ் வரம்பை 80 சதவீதமாக வையுங்கள். சீரியல் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு வாரண்டி தொடங்கும் தேதியைப் பாருங்கள். கடைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கியிருந்தால் பில்லை அனுப்பி வாங்கிய தேதிக்கு மாற்றச் சொல்லலாம்.