முதல்ல கை, அப்புறம் சாயம்

துக்கத்துல முடங்கிக் கிடக்கிறவங்களுக்குக் கையில எண்ணெய் தடவி, அப்புறம் விரலால வரைய விடற முறை இது. சாயத்தை மட்டும் முன்னாடியே காய்ச்சி வெச்சுக்கணும். சேலத்துல ஜவ்வரிசிக்குப் பஞ்சமில்லை. ஒரு கைப்பிடி எடுத்து மிக்ஸியில மாவாக்குங்க. ரெண்டு மேசைக்கரண்டி மாவை ஒரு டம்ளர் தண்ணியில கட்டியில்லாமக் கரைச்சு, சின்னத் தீயில கிளறணும். வெள்ளை போய்ப் பளபளன்னு கூழ்ப் பதம் வந்ததும் இறக்கி ஆறவிடுங்க. மூணு கிண்ணத்துல பிரிச்சு, ஒண்ணுல மஞ்சள்தூள், ஒண்ணுல பீட்ரூட் சாறு, இன்னொண்ணுல கெட்டியான ஏற்காட்டுக் காபி டிகாஷன். விரல்ல தொட்டு வரையற சாயம் தயார். மறுநாள் புளிச்சிடும், அன்னன்னைக்குக் காய்ச்சுங்க.

கடைச் சாயம் வேண்டாம்னு சொல்றது காசுக்காக இல்லை. பிரஷ்ஷை நீட்டினா "எனக்கு எங்க வரைய வரும்"னு பின்வாங்கிடுவாங்க. கூழ்ல விரல் வைக்கத் தெரியாதுன்னு யாரும் சொன்னதில்லை.

நான் அரசுப் பள்ளியில ஓவிய ஆசிரியையா இருந்து ஓய்வு பெற்றவ, அம்மாபேட்டைக்காரி. இழவு விழுந்த வீடு, தறியை வித்துட்டுச் சும்மா உக்காந்திருக்கிற வீடுன்னு தெரிஞ்சவங்க கூப்பிட்டாப் போவேன். இதைச் சிகிச்சைன்னு சொல்ல மாட்டேன், அதுக்குப் படிச்சவங்க வேற.

போனதும் துக்கத்தைக் கிளறாதீங்க. "பெரியம்மா, கையில கொஞ்சம் எண்ணெய் தடவட்டுங்களா?" கேட்டுட்டுத்தான் தொடணும். "வேண்டாம் கண்ணு"ன்னா அதோட விட்டுடணும், ரெண்டாந்தரம் கேக்கக் கூடாது. முழங்கைக்கு மேல போகவும் வேண்டாம். புண், வீக்கம், காய்ச்சல் இருந்தா அன்னைக்கு எண்ணெய் கிடையாது.

தேங்காயெண்ணெயை உள்ளங்கையில தேய்ச்சுச் சூடாக்கிட்டு, முழங்கையில இருந்து மணிக்கட்டுக்கு, முடி வளர்ற பக்கமா வருடுங்க. அமுக்காதீங்க. அந்தத் தோல்ல இதமான தொடுதலை உணர்ற சி-டாக்டைல்னு மெல்லிய நரம்பிழைகள் இருக்கு. விநாடிக்கு 1 முதல் 10 செ.மீ. வரைக்குமான மெதுவான வருடலுக்குத்தான் அது நல்லா எழும்பும், 3 செ.மீ. வாக்குல இன்னும் நல்லது. அதாவது ஒரு தரம் கீழே இறங்க எட்டு விநாடியாவது ஆகணும். நம்ம பொம்பளைங்களுக்கு இதுதான் கஷ்டம். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பற பிள்ளைக்குத் தலைக்கு எண்ணெய் வெச்ச வேகம் கையை விட்டுப் போகாது. மனசுக்குள்ள எட்டு வரைக்கும் எண்ணுங்க. ரெண்டு கைக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம் போதும்.

அப்புறம் கையைத் துடைச்சுட்டு, பழைய மாதக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக் கிண்ணங்களைப் பக்கத்துல வையுங்க. என்ன வரையணும்னு சொல்லாதீங்க. புருஷனை இழந்த ஒரு பெரியம்மா, நெசவு நெய்தவங்க, காபிச் சாயத்துல மேலிருந்து கீழாக் கோடு கோடா இழுத்துக்கிட்டே இருந்தாங்க. நடுவுல ஒரு கோடு விட்டுப் போச்சு. விரலை அங்கேயே வெச்சு ரொம்ப நேரம் பார்த்தாங்க, அப்புறம் பக்கத்துல அடுத்த கோட்டை இழுத்தாங்க. அது தறியில ஓடற பாவு நூலா, வேறெதுவுமான்னு நான் கேக்கலை.

கறுப்புன்னா சோகம், சிவப்புன்னா கோபம்னு ஜோசியம் பார்க்கிறவங்களை இந்தப் பக்கமே விடாதீங்க. "அழகா இருக்கு"ன்னும் சொல்ல வேண்டாம், அடுத்த தடவை அழகா வரையப் பார்ப்பாங்க.

முக்கால் மணி நேரம் விடுங்க. அமெரிக்காவுல ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்துல கிரிஜா கைமல் குழு 39 பேரை 45 நிமிஷம் விருப்பப்படி வரையவும் களிமண் பிசையவும் விட்டுட்டு, எச்சில்ல கார்டிசால்ங்கிற மன அழுத்த ஹார்மோன் அளவு பார்த்துச்சு. 2016-ல வெளியான முடிவுப்படி சுமார் 75 சதவீதம் பேருக்கு அது குறைஞ்சிருந்தது. முன்னாடி வரைஞ்ச பழக்கம் இருந்ததா இல்லையாங்கிறதால வித்தியாசம் எதுவும் வரலை. எல்லாருக்கும் குறையலைங்கிறதையும் கவனிக்கணும். படபடப்பு கூடினா நிறுத்திட்டு டீ போடுங்க. அழுதா அழட்டும், தண்ணி மட்டும் பக்கத்துல இருக்கட்டும்.

துணைக்கு ஆளில்லாதவங்களுக்குப் பட்டாம்பூச்சி அணைப்பு. ரெண்டு கையையும் மார்புல குறுக்கே வெச்சு, இடதும் வலதுமா மாத்தி மாத்தி மெதுவாத் தட்டிக்கணும், மூச்சு தன்னால நிதானமாகும். 1997-ல மெக்சிகோவுல அகபுல்கோவைப் புயல் அடிச்சப்புறம், அங்கே உயிர் தப்பினவங்களோட வேலை செஞ்ச லூசினா அர்ட்டிகாஸ் கொண்டு வந்தது இது.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கா இல்லாமப் போனா, "இருந்து என்ன பண்ண"ங்கிற பேச்சு வந்தா, கிண்ணத்தை ஓரமா வெச்சுட்டு அரசோட மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் போன் போடுங்க. இலவசம், ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். நம்பரை நீங்களே அழுத்திக் கொடுங்க, அவங்களே போட்டுக்கட்டும்னு விட்டுட்டு வந்துடாதீங்க.