புயல் படத்தில் நான் தவறவிட்ட நான்கு மணி நேரம்

தைப்பூசக் காவடி நெருங்கும்போது மொரிசியஸில் புயல் காலம். ரோஸ் ஹில்லில் இருந்தபடி, செயற்கைக்கோள் படங்களைக் கைப்பேசியில் சேர்த்து வைத்து, புயல் மையம் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து அக்காவுக்குச் சொல்வது என் வழக்கம்.

ஒருமுறை கணக்கு உதைத்தது. ஒரு படத்தில் 06:00, அடுத்ததில் 12:00. இடையில் மையம் சுமார் 40 கிலோமீட்டர் நகர்ந்திருந்தது. மணிக்கு 7 கிலோமீட்டர்கூட இல்லை, மெதுவாகத்தான் வருகிறது என்று சொல்லிவிட்டேன். காற்றோ சாயங்காலமே வலுத்துவிட்டது.

அப்புறம் படங்களை மறுபடி பார்த்தேன். முதல் படத்தில் இருந்தது உலகப் பொது நேரம், இரண்டாவதில் நம் நேரம். நாம் 4 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அந்த 06:00 இங்கே காலை 10:00. இடைவெளி வெறும் 2 மணி நேரம், வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர்! அக்கா வீட்டில் சின்னக் குழந்தைகள். நினைத்தாலே பதறுகிறது.

இப்போது ஒரே மூலத்திலிருந்துதான் படம் எடுக்கிறேன். சேமிக்கும்போதே கோப்பின் பெயரில் நம் நேரத்தைப் போட்டுவிடுகிறேன். பகிர்ந்து வரும் படங்களை அளப்பதில்லை. பல கை மாறும்போது ஓரத்திலுள்ள நேரமும் வண்ண அளவுகோலும் வெட்டுப்பட்டுவிடுகின்றன. விரலால் பெரிதாக்கிப் பார்ப்பதையும் குறைத்தேன். மீட்டியோசாட்-9 என்ற வானிலைச் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளியே குறைந்தது 3 கிலோமீட்டர். தூரத்துக்கு நம் தீவே அளவுகோல்: வடக்குத் தெற்காகச் சுமார் 65 கிலோமீட்டர்.